மறு சங்கு

இதை எத்தனை பேரிடம் சொல்லியாயிற்று என்று சுடலையாண்டிக்கே மறந்துவிட்டது. சங்கம் வைக்கும் உரிமை கேட்டு வேலைநிறுத்தம் செய்தவர்களைச் சுரங்க வாசலில் போலீஸ் சுட்டது. செத்த மூவருக்கும் முதுகில்தான் குண்டு.

"கல்லெறிஞ்சுட்டு ஓடியிருக்கீங்க" என்றார் விசாரணை அதிகாரி.

"ஓடலங்கய்யா, உக்காந்திருந்தோம். பாறைக்கு வெடி வைக்கிறப்ப சங்கு ஊதும். ஊதுனா தலையில கைய வச்சு, முதுகக் காட்டி உக்காந்துருவோம். மறு சங்கு ஊதுனாத்தான் எந்திரிக்கணும். அன்னைக்கு வெடியே கெடையாது. யாரோ ஊதிவிட்டாங்க. பழக்கதோசத்துல உக்காந்துட்டோம்" என்றார் சுடலையாண்டி. "மறு சங்கும் ஊதுச்சு. மூணு பேரு எந்திரிக்கல."

அதிகாரி, கம்பெனித் தரப்புச் சாட்சியாக வந்திருந்த மேஸ்திரி தேவசகாயத்தைப் பார்த்தார்.

"அப்படி ஒரு பழக்கமே எங்க சுரங்கத்துல கெடையாது சார்" என்றார் தேவசகாயம்.

விசாரணை நடந்த கம்பெனி விருந்தினர் விடுதி சுரங்கத்தை ஒட்டித்தான் இருந்தது. வெளியாட்களை வைத்து உள்ளே வேலை ஓடிக்கொண்டிருந்தது. அப்போது சங்கு ஊதியது. சுடலையாண்டி தலையில் கை வைத்துத் தரையில் உட்கார்ந்தார். சுவரோரம் நின்ற தொழிலாளிகளும் முதுகைத் திருப்பி உட்கார்ந்தார்கள். வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்யும் சத்தம் நின்றது. அதிகாரி மட்டும் நாற்காலியில் இருந்தார்.

"என்ன இது? எல்லாரும் எழுந்திருங்க."

"இருங்க சார்" என்றது மேசைக்குக் கீழிருந்து தேவசகாயத்தின் குரல். "இன்னும் மறு சங்கு ஊதல."