கையுறை ராணி

ஆய்வகத்தில் அவளுக்குக் ‘கையுறை ராணி’ என்று பட்டப்பெயர். ஒரு மாதத்துக்கு வரும் பெட்டியை ஒரே வாரத்தில் காலி செய்துவிடுகிறாள் என்று ஸ்டோர்காரர் புலம்பாத நாளில்லை.

வேறு பிரிவிலிருந்து மாற்றலாகி வந்தவருக்கு முதல் நாளே காரணம் புரிந்துவிட்டது. தட்டில் வளரும் புற்றுநோய்ச் செல்களுக்கு மருந்து விடவேண்டும். அதற்கு அவள் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கையுறை, மேலங்கி, கண்ணாடி என்று போருக்குப் போகிறவள் மாதிரி கிளம்பினாள்.

“நித்தியகல்யாணிச் செடியிலேருந்து எடுத்ததுதானே மேடம்? எங்க வீட்டு வாசல்ல பூத்துக் கெடக்கு” என்று சிரித்தபடி, வெறுங்கையால் மருந்துக் குப்பியை எடுக்கப் போனார்.

“தொடாதீங்க சார்!”

அவள் போட்ட சத்தத்தில் அவர் முகம் சுண்டிப்போயிற்று.

“ஒரு சொட்டு பட்டா உயிரா போயிடப்போகுது? நோயாளிங்களுக்கு இதை ரத்தத்துலயே ஏத்துறாங்க. அவங்களே பயப்படலை. நீங்க எதுக்கு இப்படி அலர்றீங்க?”

“அவங்க பயப்படலைன்னு உங்களுக்கு யார் சொன்னா?”

அவள் கையுறைப் பெட்டியை அவர் பக்கம் நகர்த்தினாள். குரலில் இப்போது கோபம் இல்லை.

“எனக்கு இதை ஏத்துனப்போ பதினாலு வயசு சார். மருந்தைக் கொண்டுவந்த நர்ஸ் இதே மாதிரி ரெண்டு உறை போட்டிருந்தாங்க. அந்த ரூம்ல வெறுங்கையை நீட்டினது நான் மட்டும்தான்.”

அவர் ஒரு ஜோடி உறையை எடுத்து மாட்டிக்கொண்டார். பிறகு பெட்டிக்குள் மறுபடியும் கையை விட்டார்.