பெட்டிக்குள் இருந்த அப்பா

இறந்துபோன அப்பாவின் நினைவும் குரலும் பூஜையறையில் ஒரு பேசும் கணினிப் பெட்டியில் இருந்தன. அவரைக் கேட்காமல் வீட்டில் எதுவும் நடக்கக்கூடாது என்பது மகன் தில்லைவிடங்கன் வைத்த சட்டம்.

அவருடைய மருமகள் சிந்துஜா பெட்டியின்முன் நின்றாள். "தாத்தா, ஆஸ்திரியாவுக்குப் பனியில சறுக்கப் போறோம். செயின்ட் ஆன்டன்ங்கற ஊர்ல சறுக்குற சரிவு அருமையாம். இஷ்கில்ங்கற ஊர்ல ராத்திரிக் கொண்டாட்டம் அமர்க்களமாம். எங்க போகலாம்?"

"கூத்தடிக்கறதுக்கு அவர்கிட்டயே உத்தரவா? நல்லா வாங்கிக் கட்டிக்கோ," என்றார் தில்லைவிடங்கன்.

"ஆட்டம் இருக்கிற ஊருக்கே போவோம்மா," என்றது பெட்டி. "என்னையும் தூக்கிட்டுப் போ."

தில்லைவிடங்கன் பெட்டியை முறைத்தார். பன்னிரண்டு வருடமாகக் கற்பூரம் காட்டிக் கும்பிட்டது இந்த வாயையா? சீ!

"அப்பா, நம்ம குடும்ப மானம்..."

"சிந்துஜா, இவனை மட்டும் கூட்டிட்டு வராதே."