செல்லாத வோட்டு ஒன்று

முதல் சாலுரான் வோட்டுப் பெட்டியில் புனிதனுக்கு விழுந்தது பூஜ்யம்.

தோற்பான் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். மற்ற வகுப்பறைகளில் இளவட்டங்கள் கொஞ்சம் போட்டிருந்தார்கள். ஆனால் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தின் கோடியில், வயது போனவர்களெல்லாம் வோட்டுப் போட்ட அந்த முதல் சாலுரானில் ஒன்றுகூட இல்லை.

சிவசாமி வோட்டுப் போட்டதும் அங்கேதான்.

சிவசாமி, புனிதனுக்குத் தாய்மாமன்.

விடிந்ததும் மருமகன் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார். வராமல் இருந்தால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும். புனிதன் தன் காய்கறி லாரியின் மேல் ஏறி நின்று, தன் முகம் போட்ட பேனரை அவிழ்த்துக்கொண்டிருந்தான். சிவசாமி கீழே நின்று கயிற்றைப் பிடித்துக்கொண்டார். மை வைத்த விரலை மட்டும் சுவெட்டர் கைக்குள் இழுத்துக்கொண்டார்.

"கயிறு நனைஞ்சிருக்கு மாமா, வழுக்கும்."

"பனிதானேப்பா."

புனிதன் அடுத்த முடிச்சுக்கு நகர்ந்தான்.

தோட்டத் தொழிலாளிகளின் லயத்து வீடுகளுக்கு ஒரு வழி பிறக்கட்டும் என்றுதான் புனிதன் கட்சி கிட்சி இல்லாமல் தனி ஆளாய் நின்றான். வேட்புமனுவில் அவனை முன்மொழிந்தவர் சிவசாமி. அன்றைக்கு ஆபீசர் அவர் தோற்றத்தைப் பார்த்துவிட்டுக் கைநாட்டுக்கு மைப்பெட்டியைத் திறந்து வைத்தார். சிவசாமி அதை ஓரமாய் நகர்த்திவிட்டுப் பேனாவை வாங்கினார்.

அறுபது தாண்டி எழுத்துப் படித்த மனுஷன். தேயிலை வெட்டிவிட்டு வந்த கையோடு உட்கார்ந்து, புனிதன் மனைவி அன்பரசியிடம் படித்தார். முதலில் தமிழ், பிறகு ஏபிசி. அதற்கப்புறம் கிளினிக் அட்டை, கோயில் ரசீது, பனி படிந்த லாரிக் கண்ணாடி, எது கிடைத்தாலும் கையெழுத்துத்தான். லயமே கேலி பண்ணும். அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இன்னொன்று போடுவார்.

மனுத் தாக்கல் முடிந்த அடுத்த வாரம், எதிர்த்தரப்பு ஆள் ஒருவன் அவர் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தான். வேலை வயது முடிந்தும் அவர் லயத்து வீட்டிலேயே இருப்பதைப் பற்றி அக்கறையாய் விசாரித்தான். வீடு கைவிட்டுப் போகாமல் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னான். எழுந்து போகும்போது, எந்த சாலுரானில் யாருக்கு எத்தனை என்பது தங்களுக்குத் தெரிந்துவிடும் என்றும் சொன்னான்.

வோட்டன்றைக்கு மறைப்புக்குள் நின்று சிவசாமி சீட்டை வாசித்தார். புனிதன் பேரை எழுத்துக் கூட்டாமல் ஒரே மூச்சில் வாசித்தார். வாசித்துவிட்டு, அதற்கு மேலே இருந்த பேருக்குப் பெருக்கல் குறி போட்டார்.

நம்முடைய ஒன்று குறைந்தால் என்ன, சின்னையா போடுவான், காளியம்மா போடுவாள் என்று நினைத்துக்கொண்டே வெளியே வந்தார்.

சின்னையாவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். இப்போது மோட்டாரில் அந்தப் பக்கமாய் வந்தவர், இறங்காமல் ஒரு காலை மட்டும் ஊன்றினார். லாரிக்கு மேலே பார்க்கவில்லை. சிவசாமியைப் பிடித்துக்கொண்டார்.

"யோவ், நம்ம சாலுரான்ல ஒண்ணு செல்லாமப் போச்சாமே. உன் வேலைதான் லா அது! பெருக்கல் பங்கா போடுய்யான்னா சைன் வெச்சிட்டு வந்திருப்ப!"

தானே சிரித்துவிட்டு, மோட்டாரை முறுக்கிக்கொண்டு போயே போய்விட்டார்.

புனிதன் மேலிருந்து குனிந்தான். முந்தின ராத்திரி முழுக்க அவன் யாரையும் எதுவும் கேட்கவில்லை. இப்போது அவன் முகத்தைப் பார்க்க, பசித்த பிள்ளை சோற்றுப் பானையைப் பார்ப்பது போல இருந்தது.

"அப்படியா மாமா?"

இல்லை என்று சொல்லிவிடலாம். சொன்னால், அப்போ யாருக்குப் போட்டீங்க என்று கேட்பான்.

"ஆமாப்பா," என்றார் சிவசாமி. "பேரு பக்கத்துல இடம் கிடந்திச்சு. கை தன்னால எழுதிருச்சு. எனக்கென்னப்பா தெரியும், கைநாட்டுப் பய."

அந்தச் சொல்லை வேறு எவன் சொல்லியிருந்தாலும் சட்டையைப் பிடித்திருப்பார்.

புனிதன் லாரியிலிருந்து குதித்தான். ஈரக் கையோடு அவர் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரிக்கும்போதே கண் கலங்கிவிட்டது.

"அதானே பார்த்தேன்! எங்க மாமாவா மாத்திப் போடுவாருன்னு ராத்திரியெல்லாம் மண்டை காஞ்சி போச்சு. அன்பு! இங்க வா, அந்தச் செல்லாதது நம்ம மாமாவோடதாம்!"

அன்பரசி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே உள்ளேயிருந்து வந்தாள்.

அவளைக் கண்டதும்தான் சிவசாமிக்கு உறைத்தது. முதல் சாலுரானில் புனிதனுடைய ஏஜெண்டாக உட்கார்ந்திருந்தவள் இவள். எண்ணும்போது ஒவ்வொரு சீட்டையும் பிரித்து, ஏஜெண்டுகள் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டித்தான் வைப்பார்கள். செல்லாததையும் காட்டியிருப்பார்கள்.

வோட்டுச் சீட்டில் பெருக்கல் குறி மட்டும்தான், வேறொரு கோடுகூட இழுக்கக் கூடாது என்று அவருக்குத் தாளில் போட்டுக் காட்டிப் பழக்கியவளும் அவள்தான்.

சிவசாமி தரையைப் பார்த்தார். கயிற்றிலிருந்து தண்ணீர் அவர் செருப்பில் சொட்டிக்கொண்டிருந்தது.

அன்பரசி அவரைப் பார்த்தாள். பிறகு புருஷன் முகத்தைப் பார்த்தாள். அங்கேதான் ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நேத்தே பார்த்தேனே," என்றாள். "சொன்னா நீங்க கேலி பண்ணுவீங்கன்னுதான் சொல்லல."

அப்புறம் சிவசாமி பக்கம் திரும்பினாள்.

"சிவசாமின்னு முழுசா இருந்திச்சு. ஒரு எழுத்துகூடப் பிசகல, பெரியப்பா."