நீல வட்டம்

புற்றுநோய்ச் சிகிச்சை முடித்தவர்கள் மனம் தேறுவதற்கான இணையப் பயிற்சியில் அன்று ஆறாம் பாடம். திரையில் நீல வட்டம் விரியும்போது மூச்சை இழுக்க வேண்டும், சுருங்கும்போது விட வேண்டும். செண்பகவல்லி இழுத்தாள். விரிந்த வட்டம் அப்படியே நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியில் மார்புக்குக் கரண்ட் என்று கதிர்வீச்சு வைத்த இருபத்தைந்து நாளும், தனியாகப் படுத்திருந்தவளிடம் கூரை ஸ்பீக்கரிலிருந்து ஒரு குரல் "மூச்சப் புடிங்கம்மா" என்னும். அதுவே "விடுங்க" என்னும்வரை பிடித்திருப்பாள். இப்போதும் பிடித்திருந்தாள். கஷ்டமாக இல்லை. எதுவாகவும் இல்லை. "நெட்டு கட்டாயிடுச்சு வல்லி" என்றபடி வந்த கணவர் மாசிலாமணி, அவள் முகத்தைப் பார்த்ததும் தோளைப் பிடித்து உலுக்கினார். "மூச்ச விடு. நான் சொல்றேன்ல, விடு." செண்பகவல்லி மூச்சை விடாமலே மெல்லக் கண்ணை உயர்த்திக் கூரையைப் பார்த்தாள்.