அரை அங்குலம்

பதிவேட்டில் பெருமாளின் விலை பதினோராயிரத்து நூறு ரூபாய்.

தர்மகர்த்தா எழுதி வைத்தது. ஐம்பொன், இரண்டேகால் அடி உயரம், ஆபரணம் தனி. அந்த விலை கட்டுபடியாகுமா என்று வியாபாரப் புத்தியில் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, யோசித்ததற்காகக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

அந்தப் பெருமாள் இப்போது கருடன்மேல் ஏறி, பதினாறு பேர் தோளில், கோயில் வாசலை நோக்கி வந்துகொண்டிருந்தார்.

முன் தண்டில் இடது பக்கம் என் மச்சான் ஆதிகேசவன்.

நான் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வைகாசி வெயில் இன்னும் ஏறவில்லை. அதற்குள் என் முதுகில் வேர்வை ஓடியது.

போன வருஷம், அறுபத்தேழில், மச்சான் இதே வாசலில் தடுக்கினார். உள்ளே கருங்கல் தரை முடிந்து வெளியே சிமெண்டுத் தரை தொடங்கும் இடம். சிமெண்டு அரை அங்குலம் தூக்கிக்கொண்டு நிற்கும். எவனோ அவசரத்தில் போட்ட வேலை.

மச்சானுக்குக் கட்டைவிரல் நகம் பெயர்ந்தது. தண்டு சரிந்தது. பெருமாளின் கிரீடம் சாய்ந்ததைத் தெருவே பார்த்தது.

இன்னொரு தடவை இப்படி ஆனால் தண்டு வேறு வீட்டுக்குப் போகும் என்று தர்மகர்த்தா சொல்லிவிட்டார். மூன்று தலைமுறையாக அந்த வீட்டுத் தோள் ஏற்ற தண்டு.

தண்டு தோளில் ஏறிவிட்டால் கழுத்து திரும்பாது, தலை குனியாது. காலேதான் தரையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வருஷம் முழுக்கத் தறிக்குழிக்குள் தொங்கும் காலுக்கு அந்தப் பார்வை எங்கிருந்து வரும்?

மச்சான் வழி கண்டுபிடித்தார். வீட்டுக் கொட்டகையிலிருந்த இரண்டு தறியில் ஒன்றைக் கழற்றினார். குழியைத் தூர்த்தார். கர்லாக்கட்டை ஒரு ஜோடி, இரண்டு முனையிலும் மணல் மூட்டை கட்டிய ஒரு மூங்கில். தெருக்காரர்கள் அதற்கு ஆதிகேசவன் ஜிம்கானா என்று பேர் வைத்தார்கள்.

தரை என் பொறுப்பு. தரைக்கல்லும் சிமெண்டும்தான் என் வியாபாரம்.

பாதிக்குக் கருங்கல், பாதிக்குச் சிமெண்டு என்றார். சேருமிடத்தில் சிமெண்டு அரை அங்குலம் தூக்கி நிற்க வேண்டும் என்றார்.

இரண்டு தரை சேருமிடத்தில் ஐந்து பைசாவை வைத்துத் தேய்த்தாலும் தட்டாது. என் வேலைக்குப் பத்து வருஷமாக அதுதான் பேர். தடுக்கும்படி போட்டுக்கொடு என்று கேட்ட வாடிக்கைக்காரர் இவர் ஒருவர்தான். கால் அங்குலத்தில் முடித்துக்கொள்ளலாமே என்று பேரம் பேசிப் பார்த்தேன். இறங்கி வரவில்லை.

கோயில் வாசலில் குச்சி வைத்து அளந்து வந்து, அதே உயரத்துக்குப் போட்டேன். யார் போட்டது என்று யாராவது கேட்டால் என் பேரைச் சொல்ல வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

நான்கு மாதம். தினமும் மூட்டையோடு கல்லிலிருந்து சிமெண்டுக்கு, சிமெண்டிலிருந்து கல்லுக்கு. என் மனைவி தேவகி போய்ப் பார்த்துவிட்டு வந்து, அண்ணன் செக்குமாடு மாதிரி சுற்றுகிறார், எண்ணெய்தான் வரவில்லை என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னவள், ராத்திரி சாப்பிடவில்லை.

இன்று காலை, தண்டுக்குப் போகுமுன், மச்சான் என்னைத் தேடி வந்தார். ஒரு வருஷமாக அந்த முகத்தில் பார்க்காத தெளிச்சல்.

"கண்ணக் கட்டி உட்டாக்கூட போவேன் மாப்ள. அந்த எடம் வந்தா காலு தானா அரை அங்குலம் தூக்கிக்கினு போவுது."

நானும் சிரித்தேன். சிரித்த வாய் அப்படியே நின்றுவிட்டது.

சொல்லிவிடலாம் என்று வாயெடுப்பதற்குள் நாகஸ்வரம் தொடங்கிவிட்டது. பதினாறு தோளும் தண்டுக்கு அடியில் போய்விட்டன. இனிமேல் சொன்னால் அது காதுக்குத்தான் போகும், காலுக்குப் போய்ச் சேராது.

பத்தடி இருந்தது.

குடை ஆடியது. கருடனின் மூக்கு எனக்கு நேராக வந்தது.

ஐந்தடி.

நேற்று மத்தியானம் நடை சாத்தியிருந்தபோது, தர்மகர்த்தாவிடம் கேட்டுக்கொண்டு, கூலியாள் வைக்காமல் நானே உளி பிடித்து உட்கார்ந்தேன். அந்தச் சிமெண்டு விளிம்பைக் கொத்தியெடுத்து, கல்லுக்குச் சமமாக மெழுகினேன். மச்சான் தடுக்கக்கூடாதே என்றுதான். இன்று காலையில் ஐந்து பைசாவை வைத்துத் தேய்த்தும் பார்த்தேன்.

தட்டவில்லை.

மச்சானின் இடது கால் எழுந்தது. பழகின இடத்தில், பழகின அளவு.

இறங்கிய இடத்தில் தரை இல்லை.

முழங்கால் மடங்கியது. தண்டு அமிழ்ந்தது. கருடன் முன்னால் குனிந்தார். ஒரு மாலை அறுந்து வாசலில் விழுந்தது. நான் தூணில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

கோவிந்தா என்று கூட்டம் எழுப்பிய சத்தத்தில் தலையைத் தூக்கினேன். பெருமாள் நேராக நின்றுகொண்டிருந்தார். கருடன் குனிந்து தன்னைத்தான் பார்த்தார் என்று பக்கத்தில் ஒரு அம்மாள் அழுதுகொண்டிருந்தாள்.

மச்சானின் தோள் என்னை ஒரு சாண் தூரத்தில் கடந்தது. கழுத்து திரும்பவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

"சாயங்காலம் இதே வாசல்லதான் திரும்பணும். அதுக்குள்ள எதையும் தொட்டுத் தொலைக்காத மாப்ள."

இடது காலை லேசாக இழுத்தபடி வெயிலுக்குள் போனார்.

கொட்டகையில் வைத்தது அரை அங்குலம். வாசலில் எடுத்தது அரை அங்குலம். வரவும் செலவும் சரி. மச்சானின் முழங்கால் வாங்கிக்கொண்ட அரை அங்குலம் மட்டும் என் பேரில் பாக்கி.