குருவியின் வயது

"குருவியை உடனே தூக்கிடலாம் அக்கா. ஆள் சரியில்லை."

குழுவில் மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் சோதனைக்காரர் சொன்னதும் அக்கா அந்தக் கணக்கைத் திறந்தாள்.

அவளுக்குப் பகலில் வங்கி வேலை, மாலையில் சம்பளமில்லாத இந்த வேலை. யார் வேண்டுமானாலும் சும்மா எடுத்துக்கொள்ளலாம், பிரித்து மாற்றிக்கொள்ளலாம் என்று நாலைந்து பேர் சேர்ந்து உருவாக்கிய கணினி இயங்குதளம். 'இங்கே யாரையும் வயது கேட்க மாட்டோம்' என்று முகப்பிலேயே வீறாப்பாக எழுதியிருந்தார்கள். கேட்டே தீரவேண்டும் என்று சட்டம் வந்தது. வீறாப்பு காற்றில் போனது, வயதை நிரப்பச் சொல்லும் பெட்டி வந்தது.

முதலில் தங்கள் கணக்குகளிலேயே சோதித்தார்கள். புனைபெயரில் மட்டும் கூட வேலை செய்யும், யாரும் முகம் பார்த்திராத குருவி, பதினாலு என்று நிரப்பியிருந்தது.

"சின்னப் பொண்ணுதானேப்பா?"

"மூணு வருஷம் முன்னாடி சேர்ந்தப்பவும், நாம கேக்காமலே, பதினாலுன்னுதான் சொல்லியிருக்கு. மூணு வருஷமா வளராத பொண்ணு எங்க இருக்கு? எவனோ குழந்தை வேஷம் போடறான்."

"குருவி போனா, திரையைப் படிச்சுக் காட்டற ப்ரோக்ராமை யாரு பார்ப்பா?"

"அதை யாரு யூஸ் பண்றா? நானே ஒரு தடவைகூடப் போட்டுக் கேட்டதில்லை. அதையும் சேர்த்துத் தூக்கிடலாம்."

சோதனைக்காரரையும் சேர்த்துக்கொண்டு அக்கா குருவியை வீடியோவில் அழைத்தாள். எதிர்ப்பக்கம் கும்மிருட்டு.

"உன் வயசு என்ன?"

விசைகள் தட்டும் சத்தம். பிறகு ஒரு சிறுமியின் குரல், ஏற்ற இறக்கமே இல்லாமல்.

"பதினாலு."

"தனியாவா இருக்கே?"

மறுபடி விசைகள்.

"ஆமா."

அந்தக் குரல் அடங்குவதற்குள் இருட்டில் ஓர் ஆண் இருமினான்.

அக்கா குரலை உயர்த்தினாள்.

"யாருய்யா அங்க? முதல்ல லைட்டைப் போடு!"

"அடடா, போடலையா? மன்னிச்சுக்கம்மா. எனக்கு அது தேவைப்படறதில்லை."

சுவரைத் தடவும் சத்தம் கேட்டது. விளக்கு எரிந்தது. தலை நரைத்த மனிதர். கண்கள் கேமராவைப் பார்க்காமல் எங்கோ நிலைத்திருந்தன.

"எனக்குக் கண் தெரியாதும்மா. உங்ககிட்ட எழுதித்தான் பேசிப் பழக்கம். திரையில வர்றது, நான் அடிக்கறது, எல்லாத்தையும் இதுதான் படிச்சுச் சொல்லும். என் பொண்ணு எனக்காக எழுதினா. தன் குரலையே பதிஞ்சு வெச்சா. அப்புறம் எல்லாருக்கும் உதவட்டும்னு உங்ககிட்டயும் குடுத்தா. அவ போனப்புறம் அது நின்னுடக் கூடாதுன்னு நானே கத்துக்கிட்டுப் பார்த்துக்கறேன்."

சோதனைக்காரர் சத்தமில்லாமல் தன் மைக்கை அணைத்துக்கொண்டார்.

அக்கா மெதுவாகக் கேட்டாள். "அப்புறம் ஏன் சார்... பதினாலுன்னு போட்டீங்க?"

அவர் சிரித்தார்.

"கணக்கு அவளோடது. வயசு என்னன்னு உங்க பெட்டி அவ குரல்லயேதான் கேட்டுச்சு. அவளுக்கு அவ்வளவுதானேம்மா வயசு?"