வெள்ளை மூலை

இடது கை இறங்கியது. எதிரில் நின்றவள் விழுந்தாள்.

நடுவர் குறுக்கே பாய்ந்தார். வெள்ளை மூலையைக் காட்டினார்.

"மூலைக்குப் போம்மா!"

முன்வரிசையிலிருந்து ஒரு குரல்.

"மூலைன்னா அவளுக்குப் பழக்கம்தான் சார். வீட்டுல அங்கதான கெடப்பா!"

சுற்றிலும் சிரித்தார்கள்.

அவளுடைய செத்துப்போன புருஷனின் அண்ணன். அனுமதி இலவசம் என்றதும் இஸ்திரி போட்ட வேட்டியில் வந்திருந்தார்.

அவள் நகரவில்லை.

குத்துச்சண்டை மேடைக்கு ரிங் என்று பெயர். வளையம் என்று சொல்லி விற்றவன் பிரித்துக் காட்டியது சதுரம். வேறு எந்தக் கடையாக இருந்தாலும் சரக்கை முகத்தில் வீசியிருப்பார்கள்.

ஒரு காலத்தில் வட்டம்தானாம். பயிற்சியாளர் எபினேசர் சொல்லியிருக்கிறார். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் சுற்றி நின்றார்கள். நெருக்கினார்கள். உள்ளே கை நீட்டினார்கள். அவர்களைத் தள்ளி நிறுத்த நாலு கம்பம் நட்டுக் கயிறு கட்ட வேண்டியதாயிற்று.

கம்பம் வந்தது. மூலையும் வந்தது.

கயிறு கையைத் தடுக்கிறது. வாயைத் தடுக்கிற கயிற்றை இன்னும் யாரும் திரிக்கவில்லை.

சிவப்பு மூலை அவளுக்கு. நீலம் கீழே கிடப்பவளுக்கு. மீதி இரண்டும் வெள்ளை. அவை யாருக்கும் இல்லை.

வீட்டு மூலையும் வெள்ளைதான். சுண்ணாம்பு.

நிச்சயதார்த்தம், வளைகாப்பு, எது வந்தாலும் இதே குரல்தான். "நீ கொஞ்சம் அந்த மூலையில உக்காரு." பந்திக்கு அரைத்ததும் ஆக்கியதும் அவள் கை. அந்தச் சோற்றுக்கு மட்டும் அபசகுனம் கிடையாது. இரண்டாம் முறை கேட்டு வாங்கித் தின்றார்கள்.

இன்று ஜெயித்தால் ரயில்வேயில் வேலை. குடியிருக்கக் குவார்ட்டர்ஸ்.

தோற்றால் அந்தச் சுண்ணாம்பு.

புருஷனின் அண்ணன் எதற்கு வந்திருக்கிறார் என்று அவளுக்குத் தெரியும். சம்பளம் கேட்காத சமையல்காரி லேசில் கிடைக்கமாட்டாள்.

கையுறைக்குள் விரல்கள் இறுகின. கயிற்றை நோக்கி, அவரை நோக்கி, ஓரடி வைத்தாள்.

"யம்மா, போயிடு!" எபினேசரின் தொண்டை கிழிந்தது. "நீ போனாத்தான் அவரு எண்ணுவாரு!"

நடுவர் எண்ணவில்லை. விதி அது. பத்து எண்ணி முடிவதற்குள் எழாவிட்டால்தான் விழுந்தவளுக்குத் தோல்வி. அவள் நிற்கிற ஒவ்வொரு நொடியும் கீழே கிடப்பவளுக்குக் கொசுறு.

கீழே ஒரு முழங்கால் மடங்கியது. ஊன்றப் பார்த்தது.

அவள் போனாள்.

வெள்ளை மூலைகள் இரண்டு. அவர் உட்கார்ந்திருந்த பக்கத்து மூலைக்குப் போனாள். கம்பத்தில் முதுகைச் சாய்த்தாள். இரண்டு கைகளையும் கயிற்றின்மேல் விரித்துப் போட்டாள். கழுத்தை மட்டும் அவர் பக்கம் திருப்பினாள்.

ஒன்று.

இரண்டு.

முழங்கால் சரிந்தது.

ஐந்தில் முன்வரிசைச் சிரிப்பு ஓய்ந்தது.

எட்டில் எழுந்தது அவர்தான். வேட்டியை மடித்துக் கட்டினார். வாசல் எந்தப் பக்கம் என்று பார்த்தார்.

அவள் வாயில் பல் காப்பு. சொல் குழறியது. ஆனாலும் முன்வரிசை முழுக்கக் கேட்டது.

"உக்காருங்க மாமா. இன்னும் ரெண்டு இருக்கு."